கோச் விஷ்ணுகிராந்தி

காலில் செருப்பு கிடையாது. மார்கழிப் பனியில் நனைந்த புல் பாதத்தில் பட்டதும் உச்சந்தலை வரைக்கும் சில்லென்று ஏறும்...

செஞ்சிக் கோட்டை மலையில் கொஞ்சம் ஏறினால் புல் மண்டிய சமதளம் ஒன்று வரும். பள்ளியில் மைதானம் இல்லாததால் அங்கேதான் காலையில் எங்கள் ரிலே பயிற்சி. மழை ஓய்ந்ததும் அந்தப் புல்லுக்குள் விஷ்ணுகிராந்தி பாய் விரித்த மாதிரி படர்ந்துவிடும். சட்டைப் பொத்தான் அளவுக்கு நீலப் பூக்கள்.

டீமிலேயே வேகமானவள் மேல்சித்தாமூர் பத்மா. சமணக் குடும்பம். எறும்பைப் பார்த்தாலே ஒதுங்கி நடக்கிறவள், பூத்த செடியை மிதிப்பாளா... ஓடும்போது நீலம் கண்ணில் பட்டால் ஒரே தாவு. அவள் தாவித் தாவியே எங்கள் ரிலே நாசமானது. எனக்கோ மாவட்டப் போட்டியில் எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்ற வெறி.

"இன்னாடி இது, ஓடுறியா, நொண்டி ஆடுறியா? உன்னாலதான் டீமே போவப்போவுது" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

பி.டி. சார் சமாதானமாக, "மத்தியானம் பூ மூடிக்கும்மா, அப்ப வந்து ஓடலாம்" என்றார்.

"பூ மூடிக்கிட்டா செடி செத்துப்போச்சுன்னா சார் அர்த்தம்?" என்றாள் பத்மா.

சார், அவள் எம்பிய இடத்தையும் போய் விழுந்த இடத்தையும் பார்த்தபடியே நின்றார். மறுநாள் ரிலேயில் வேறு பெண்ணைப் போட்டுவிட்டு, இவள் பெயரை நீளம் தாண்டுதலுக்குக் கொடுத்துவிட்டார்.

மாவட்டப் போட்டியில் எங்கள் ரிலே முதல் சுற்றிலேயே காலி. பத்மாவுக்கு முதல் பரிசு. மைக் பிடித்திருந்தவர், "பயிற்சி குடுத்தது யாரும்மா?" என்று கேட்க, இவள் வெட்கப்பட்டுக்கொண்டே, "விஷ்ணுகிராந்தி சார்" என்று சொல்லிவைக்க...

"பயிற்சியாளர் திரு. விஷ்ணுகிராந்தி அவர்கள் உடனே மேடைக்கு வரவும்."

எங்கள் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குத் தோற்ற துக்கமே மறந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரிடமும், "அவ எங்க ஸ்கூலு பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது பள்ளிக்கு வெள்ளைக் கோடு போட்ட மைதானம் வந்துவிட்டது. பிள்ளைகள் காலில் ஸ்பைக்ஸ். பத்மாதான் அங்கே பி.டி. டீச்சர். நினைத்தாலே பெருமையாக இருக்கிறது. ஆனாலும் அந்த ஈரப் புல்லின் சில்லிப்பு எந்த ஷூவுக்குள்ளும் வராது...

போன வாரம் மகளோடு மலை ஏறினேன். "ஏம்மா நேரா வராம சுத்திப் போற?" என்று கேட்டாள்.

"பாத்து வாடி. கோச் படுத்திருக்காரு, மிதிச்சிடாத" என்றேன்.