செத்தவன் சிரிக்க வேண்டும்

சினிமாவில் செத்துச் செத்துப் பிழைத்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் நிறைய உண்டு. நான் நிஜமாகவே செத்துத்தான் பிழைத்தேன். அறுபதுகளில் ராஜா ராணிப் படங்கள் ஓடிய காலத்தில், கதாநாயகனின் கத்திக்கு ஒரு வயிறு வேண்டுமென்றால் எனக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். பதினோரு படங்களில் செத்திருக்கிறேன். பின்னாளில் டெலிவிஷனில் டைரக்டராகி நாலு பேரை மிரட்டி வேலை வாங்கியவன் என்றுதான் இன்று பலருக்கு என்னைத் தெரியும். அந்த மிரட்டலுக்கு முந்தைய என் பயத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவருக்கு நாலடி தள்ளியே நிற்பவர்களே, ஏணியில் மூன்றாவது படியிலேயே குலதெய்வத்தைக் கூப்பிடுபவர்களே, அதை மேலதிகாரிக்குத் தெரியாமல் மறைத்து உத்தியோகம் பார்ப்பவர்களே, நீங்களெல்லாம் என் இனம். இது உங்களுக்காக எழுதியது.

எல்லாம் தெரியும்

அந்தப் படத்தில்தான் முதன்முதலாக எனக்கு வசனம் கிடைத்தது. தளபதி வேஷம். முதல் ரீலில் செத்துப்போகாமல் பன்னிரண்டாவது ரீல் வரை உயிரோடு இருக்கலாம். இது சரியாக அமைந்தால் இனிமேல் கூட்டத்தில் நின்று குத்துப்பட்டுச் சாக வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நடிகனாகிவிடலாம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் மாமனார் ஊரில் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால், மெட்ராஸில் இருக்கிறார் என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

புரொடக்ஷன் மேனேஜர் ரங்கசாமி என்னை உட்காரவைத்து வரிசையாகக் கேட்டார். குதிரை ஏறுவாயா? தெரியும் என்றேன். நீச்சல்? தெரியும். உயரம் ஒத்துக்கொள்ளுமா? அதுவும் தெரியும் என்றேன். சான்ஸ் தேடுகிற நடிகனுக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இருக்கக்கூடாது. குதிரை என்னை இரண்டு தடவை தள்ளியிருக்கிறது, நீச்சலுக்குக் குளத்துப் படியைத் தாண்டியதில்லை. ஆனால் அவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. உயரம் அப்படியில்லை. இரண்டாவது மாடியிலிருந்து எட்டிப் பார்க்கச் சொன்னாலே தரையில் உட்கார்ந்துவிடுவேன்.

ரங்கசாமிக்கு என் குரலில் ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்லா யோசிச்சுச் சொல்லு தம்பி. செஞ்சியில கோட்டை மலை மேல இருக்கு. உனக்காகக் கீழ இறக்கிவைக்க முடியாது."

வசனம் சொல்லிக்கொண்டே ஏறியவன்

செஞ்சியின் ராஜகிரியைக் கீழேயிருந்து பார்த்தபோதே, தெரியும் என்று சொன்ன என் வாயை நொந்துகொண்டேன். பாறை மேல் பாறையாக யாரோ அவசரத்தில் அடுக்கிவிட்டுப் போன மாதிரி ஒரு மலை. அதன் தலையில் கோட்டை. கேமரா, பேட்டரிப் பெட்டி, தகரம் ஒட்டிய ரிஃப்ளெக்டர் பலகை எல்லாவற்றையும் உள்ளூர் ஆட்கள் தலையில் சுமந்து ஏறினார்கள். எனக்கு முன்னால் போனவர் பெயர் சவரிமுத்து. பக்கத்து ஊரில் கல்லுடைக்கிறவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. நாற்பது வயது இருக்கும். பேட்டரிப் பெட்டியைச் சுமந்துகொண்டு, தண்ணீர்க் குடத்தோடு பின்னால் வந்த தன் மனைவி ஆரோக்கியத்திடம் வீட்டு விஷயம் பேசியபடியே ஏறினார்.

நான் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். சவரிமுத்துவின் குதிகாலைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. வலப்பக்கம் பள்ளம் வந்தால் தளபதியின் வசனத்தை உரக்கச் சொல்வது. பார்ப்பவர்களுக்கு, பாவம், என்ன சிரத்தை என்று தோன்றும். டைரக்டர்கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். பாதி மலையில் ஒரு குரங்கு பாய்ந்து வந்து என் தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டு போனது. நான் அதைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, சோழனும் பாண்டியனும் என் கைவாளுக்கு நடுங்குவார்கள் என்று கத்திக்கொண்டே ஏறினேன்.

மேலே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும் சவரிமுத்து பெட்டியை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தார். மற்றவர்கள் காதில் விழாமல் மெதுவாகச் சொன்னார்: "எறங்குறப்பவும் அந்த வசனத்தை வுடாம சொல்லிக்கினே வாங்க சார். நிறுத்துனீங்கன்னா ஒதறல் தெரியுது."

நாலடி பிலிம்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. படத்தில் ஒருவன் செத்தால், அந்த ஷாட் முடிந்தவுடனே, எழுந்திருப்பதற்கு முன் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். கேமரா அதையும் எடுக்க வேண்டும். அப்புறம் எடிட்டிங்கில் வெட்டி எறிந்துவிடலாம், பரவாயில்லை. கடைசியாகப் பிலிமில் பதிந்தது பிணமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். சிரிக்காமல் எழுந்து போனவர்கள் என்ன ஆனார்கள் என்று மேக்கப் அறையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள். பதினோரு தடவை செத்தேன், பதினோரு தடவையும் பல்லைக் காட்டிவிட்டுத்தான் எழுந்தேன்.

அப்போது பிலிமுக்குப் பெரிய தட்டுப்பாடு. பெர்மிட்டில் அளந்து கொடுப்பார்கள். எங்கள் டைரக்டர் ஒவ்வொரு அடியையும் தன் தோலை உரித்துத் தருகிற மாதிரி செலவழிப்பவர். மூன்றாம் நாள் கீழே, அடிவாரக் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலில் கிழ ராஜா சாகிற காட்சி. ராஜாவாக நடித்தவர் நாடக மேடையிலிருந்து வந்த பெரியவர். அருமையாகச் செத்தார். டைரக்டர் கட் சொல்லிவிட்டு, சிரிப்பெல்லாம் வேண்டாம், நாலடி வீண் என்றார்.

பெரியவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடியபடியே, செத்த நிலையிலேயே பதில் சொன்னார்: "தை மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். உங்க நாலடிக்காக நான் போய்ச் சேர முடியாது. கேமராவைப் போடுங்க, சிரிக்கிறேன்."

அமாவாசை

ஆறாம் நாள் அமாவாசை. போர்வீரர்களாக நடிக்கப் பேசி வைத்திருந்த எண்பது பேரில் அறுபது பேர் மேல்மலையனூருக்கு அங்காளம்மனைப் பார்க்கப் போய்விட்டார்கள். மீதி இருபது பேரில் பாதிப்பேர் சவரிமுத்துவின் ஊர்க் கிறிஸ்தவர்கள். இருபது பேரை வைத்துப் பெரிய படையெடுப்பை எடுப்பது எப்படி என்று டைரக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலையேறுவது ஒரு நாள் தள்ளிப்போனதில் எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொண்டாட்டம்.

சந்தோஷத்தில் ரத்த மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் ரோட்டோரப் புளியமரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டேன். அவலூர்பேட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு மாட்டு வண்டி நின்றது. அதிலிருந்து இறங்கிய அம்மாள் என் மேல் குனிந்து ஐயோ என்று ஆரம்பித்தாள். நான் விழித்து எழுந்து உட்கார்ந்தேன். அவள் இரண்டடி பின்னால் போய், மடியிலிருந்து விபூதியை எடுத்து என் முகத்தில் வீசினாள். சினிமாவுக்காகப் போட்ட வேஷம் என்று நான் பதறிப்போய் விளக்கம் சொன்னேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வண்டியில் ஏறிக்கொண்டு அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சினிமாவோ இன்னாவோ, ஒன்னைச் சாவு பாத்து வெச்சிருக்குது. சூதானமா இரு நைனா."

பாலம்

ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. குறுக்கே ஒரு மரப்பாலம். இதுவரை மேலே எடுத்ததெல்லாம் அதற்கு இந்தப் பக்கம்தான். கீழே குனிந்து பார்த்தவர்கள் ஆழம் எவ்வளவு என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள், நான் கேட்டுக்கொள்ளவில்லை. தளபதி இந்தப் பாலத்தில் ஓடி வரும்போது அம்பு பட்டு விளிம்பிலிருந்து விழ வேண்டும். எட்டடி கீழே பாறையில் கட்டில் அகலத்துக்கு ஒரு மேடை இருந்தது. அதில் வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை.

விழுவதற்கென்று மெட்ராஸிலிருந்து வந்த டூப் நடிகருக்கு முந்தின நாளே கணுக்கால் வீங்கிவிட்டது. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, நீயே விழுந்துவிடு, முகம் நன்றாகத் தெரியும், உனக்குத்தான் நல்லது என்றார். சரி என்றேன். என்னால் வேறென்ன சொல்ல முடியும்? ஆக்ஷன் சொன்னார். கால் நகரவில்லை. மறுபடி சொன்னார். பாலத்தில் மூன்று பலகை தாண்டினேன். பலகை இடுக்கில் வெயில் கீழே போய்க்கொண்டே இருந்தது. நாலாவது தடவை ஆக்ஷன் சொன்னபோது தளபதி உட்கார்ந்துவிட்டான். அதுவும் இரண்டு கையாலும் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. எனக்கு உயரமென்றால் பயம் சார் என்று ஐம்பது பேர் முன்னால் சொன்னேன். அழுதேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இனி எனக்குச் சினிமாவில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

சவரிமுத்துதான் வந்து என்னைத் தோளைப் பிடித்துப் பின்பக்கமாக நகர்த்திக் கொண்டுவந்தார். நான் விழுகிறேன், எனக்கு இது பழகின பாறை என்று டைரக்டரிடம் சொன்னார். உயரமும் உடம்பும் ஏறக்குறைய என்னைப் போலத்தான். ரங்கசாமி உடனே என் கவசத்தைக் கழற்றி அவருக்கு மாட்டி, நீதான் இனி டூப்பு என்றார். சவரிமுத்து கொஞ்சம் யோசித்துவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "டூப்புன்னா பொய்தானே சார்? அப்போ பொய்யா வுழணுமா, நெசமா வுழணுமா?"

யார் சிரிப்பது?

நெசமாகத்தான் விழுந்தார். நான் பயந்தது போதாதென்று, இப்போது எனக்குப் பதிலாக ஒருவர் சாகப்போகிறார் என்ற பயம் வந்து சேர்ந்தது. ஆரோக்கியம் குடத்தை இறக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவர் விளிம்பிலிருந்து மறைந்ததும் வைக்கோல் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். பதில் இல்லை. எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, என் ஆயுளில் அது ஒரு வருஷமாவது இருக்கும். கடைசியில் கீழேயிருந்து தும்மல் வந்தது. கேமராவைக் கைகாட்டி நிறுத்திய டைரக்டர் கட் சொல்ல மறந்ததால் அவர் செத்தபடியே கிடந்திருக்கிறார்.

அங்கேதான் சிக்கல். கேமராவில் ஐந்தடி பிலிம்தான் பாக்கி. ஒரு சிரிப்புக்குத்தான் காணும். செத்தது யார்? கதைப்படி நான். விழுந்தது சவரிமுத்து. தளபதியின் முகம் உன் முகம்தான், அதனால் நீ வந்து சிரி என்று ரங்கசாமி என்னை இழுத்தார். டைரக்டரும் அதுதான் முறை என்றார். எனக்கு ஓடிப்போய்ச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. விபூதி வீசிய அம்மாளின் குரல் வேறு காதில் கேட்டது. இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்த சவரிமுத்துவின் முழங்கை தோல் உரிந்து, வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவரைத்தான் எடுக்க வேண்டும் என்றேன். ஏன் கத்தினேன் என்று தெரியவில்லை, டைரக்டரைப் பார்த்துக் கத்தினேன். கேமராக்காரர் என்ன நினைத்தாரோ, கேமராவைச் சவரிமுத்து பக்கம் திருப்பிவிட்டார்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் சாவலியே, எதுக்குச் சிரிக்கணும் என்று விறைப்பாக நின்றார். கேமராக்காரர் அந்த ஐந்தடியை ஓட்டாமல் காத்திருந்தார். நான் கையைக் கூப்பிவிட்டேன். ஆரோக்கியம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அதட்டினாள்: "சிரிச்சுத் தொலையேன்யா. அந்த மனுசன் மூஞ்சியப் பாரு, உசுரு அவருக்குத்தான் போவுது."

திரும்பும்போது

சிரித்தார். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. அதை மெட்ராஸில் எடிட்டர் வெட்டிக் கூடையில் போட்டார். மீதி நாட்களில் என் வசனங்களைப் பாதியாக்கினார்கள். நான் ஒரு மாசத்துக்குச் சிரிக்காமல் செத்தவனாகவே நடமாடினேன். ரோட்டைத் தாண்டப் பயம், மீன் சாப்பிடப் பயம், தூங்கப் பயம். ஒன்றும் ஆகவில்லை. முடிந்துபோனது என் நடிப்புத் தொழில்தான்.

அதைச் சொல்லிவிடத்தான் செஞ்சியிலிருந்து மெட்ராஸ் திரும்பும் வேனில் டைரக்டர் திண்டிவனம் தாண்டியதும் என்னைத் தன் பக்கத்து சீட்டுக்குக் கூப்பிட்டார் என்று நினைத்தேன். அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்: "யாரை எடுக்கணும்னு சொல்றது என் வேலைய்யா. அதை எங்கிட்டயே சத்தம் போட்டுச் சொன்னே. நாளைலேர்ந்து வேஷம் வேணாம், வந்து கிளாப் கட்டையைப் புடி."

சினிமாவில் அவரிடம் உதவி டைரக்டராக ஏழு வருஷம் இருந்தவன் டெலிவிஷன் வந்ததும் அதற்கு ஓடியது கலைத்தாகத்தால்தான் என்று பேட்டிகளில் சொல்லிவந்திருக்கிறேன். உண்மை என்னவென்றால், எங்கள் ஸ்டுடியோவில் எல்லாமே தரைத்தளம்.