மரியாவின் கல்லும் நான் கட்டின கதையும்

கடப்பாரையோடு மூன்று கூலியாட்கள் கோயிலுக்குள் வந்து நின்றபோது, தரையில் பதித்திருந்த ஒரு கல்லறைக் கல்லின்மேல் நான் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள் உபவாசம். கல்லைப் பெயர்ப்பதானால் என்னையும் சேர்த்துப் பெயர்க்கட்டும் என்றிருந்தேன். அன்றைக்கு ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைக்காமல் சொல்லுகிறேன், கேளுங்கள். எனக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை.

என் பெயர் ராகேல். பூந்தமல்லியில் எங்கள் பழைய கோயிலுக்கு என் புருஷன் காவலாக இருந்தார். அவர் இறந்தபின் குருவானவர் சாவியை என்னிடம் கொடுத்தார். அப்போது யுத்தகாலம். ஆவடியில் பட்டாளம் இறங்கியிருந்தது. ஞாயிறு மத்தியானங்களில் சிப்பாய்களும், பட்டணத்திலிருந்து மோட்டாரில் துரைசானிகளும் கோயிலைப் பார்க்க வருவார்கள். ஆயா வேலையில் நான் கற்ற இங்கிலீஷ் கொஞ்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு சுற்றிக் காட்டுவேன்.

வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நினைக்காதீர்கள். பலிபீடத்துக்கு முன்னால் பிஸ்கோத்துத் தின்பார்கள். தூணில் பேனாக்கத்தியால் பெயர் செதுக்குவார்கள். பாதி சொல்லும்போதே கொட்டாவி விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களை நிறுத்தி வைக்கத்தான் நான் அந்தப் பாவத்தைச் செய்தேன்.

பலிபீடத்துக்கு நேர் எதிரே ஒரு கறுப்புக் கல். அதில் பறங்கிப் பாஷை எழுத்து. செருப்புக்கால் பட்டுத் தேய்ந்து, மரியா என்ற ஒரு பெயர் மட்டும் தெரியும். நான் ஒரு கதை கட்டினேன். மரியா கல்யாணப் பெண், மோதிரம் போடும் நேரத்தில் பாம்பு தீண்டி இந்த இடத்திலேயே விழுந்து செத்தாள் என்று. ஒரு துரைசானி கைக்குட்டையை எடுத்து அழுதாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாரத்துக்கு வாரம் கதை வளர்ந்தது.

கதை சபைக்குள்ளும் போயிற்று. எங்கள் வழக்கப்படி பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் கல்லின்மேல் நின்றுதான் உடன்படிக்கை சொல்லுவார்கள். தாய்மார் பயந்துவிட்டார்கள். "அந்தக் கல்லாண்ட நிக்க வெச்சா நாளைக்கு எம்பொண்ணுக்கு இன்னா ஆவும்னு யார் கண்டது?" என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். ஒவ்வொரு கல்யாணமாக வேறு கோயிலுக்குப் போயிற்று.

சபைக் காரியதரிசிக்கு இது போதும். தேவதாஸ் என்று பேர், கர்வம் பிடித்த மனுஷன். பழைய கற்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. எல்லாக் கல்லறைக் கல்லையும் பெயர்த்துக் கிணற்றடியில் துணி துவைக்கப் போட்டுவிட்டு, தரை முழுக்கச் சிமெண்ட் பூசக் கமிட்டியில் தீர்மானம் போட்டுவிட்டார்.

நான் சபித்தேன். ஜெபம் என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன். "ஆண்டவரே, அந்த ஆள் காலை உடைத்துப்போடும். கற்களைக் காப்பாற்றும்" என்று மூன்று நாள் மன்றாடினேன். அவர் கால் உடையவில்லை. நாலாம் நாள் நல்ல நடையாகவே நடந்து, கூலியாட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"எழுந்திரு ராகேலம்மா. விளையாடாதே."

"நான் எழுந்திரிக்க மாட்டேன்."

கூலியாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தாலியறுத்த பொம்பளை மேல நாங்க கை வெக்க மாட்டோம் சார்" என்றான் மேஸ்திரி.

அந்த நேரத்தில்தான் கோயில் பார்க்க ஒருவர் உள்ளே வந்தார். ஆவடிப் பட்டாளத்தில் சமையல்காரர், கோவா ஊர்க்காரர், கத்தோலிக்கர். பட்டணத்து ஓட்டலில் பல வருஷம் வேலை செய்ததால் தமிழ் நன்றாக வந்தது. "இன்னா அம்மா, கல்லுமேல குந்திகினு அழுவுறே?" என்றார். சொன்னேன். தள்ளி உட்காரச் சொல்லிக் குனிந்து பார்த்தார். "இது எங்க சர்ச்சுல படிக்கிற பாஷை" என்றார்.

சமையலுக்குப் பையில் வாங்கிவந்த கோதுமை மாவை எடுத்து, கல்மேல் தூவி உள்ளங்கையால் தேய்த்தார். தேய்ந்த எழுத்தெல்லாம் வெள்ளையாக எழுந்து நின்றது. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"இது கல்யாணப் பொண்ணு இல்லம்மா. கெழவி. புருஷன் பேரும் கூடவே கீது. ரொம்ப வருஷம் ஒண்ணா வாழ்ந்தவங்க. அவ மொதல்ல போயிட்டா, அவன் அடுத்த வருஷம் பூட்டான். புள்ளைங்களும் பேரப்புள்ளைங்களும் கல்லு வெச்சிக்கீறாங்க. இந்தப் பக்கம் போறவங்க நின்னு ஒரு ஜெபம் பண்ணுங்கோன்னு எழுதிக்கீது."

காரியதரிசி சிரித்தார். "சமையல்காரன் பேச்சை நம்பச் சொல்றியா? கல்யாணப் பெண் செத்த கல்லுன்னு ஊருக்கே தெரியும்."

ஊருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் சாவியும் போகும், மானமும் போகும். திறக்காவிட்டால் கல் போகும். அந்த மனுஷன் காலை உடைக்கச் சொல்லிக் கேட்டவள் நான். ஆண்டவரோ என் வாயைத் திறக்கச் சொன்னார். எனக்குப் பிடிக்கவே இல்லை.

"அந்தக் கதை பொய். கட்டினவள் நான்தான்" என்றேன்.

மேஸ்திரி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனான். மற்ற இரண்டு பேரும் அவன் பின்னால் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன் நின்று அதையே மறுபடி சொல்ல வைத்தார்கள். சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். என்னைப் பார்த்துத் துப்பினவர்களும் உண்டு. ஆனால் கமிட்டி தீர்மானத்தைக் கைவிட்டது. தை மாதத்தில் ஒரு தாய் தன் மகளைக் கூட்டிவந்து, "எம்பொண்ண அந்தக் கல்லுமேலயே நிக்க வையுங்க. அவளும் அப்படியே வாழட்டும்" என்று கேட்டாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று நான் வாய்விட்டு அழுதேன்.

இப்போதும் பார்க்க வருகிறவர்களுக்குக் குருவானவர் என்னைத்தான் கூப்பிடுகிறார். தெரிந்ததைச் சொல்லுகிறேன். மற்றக் கற்களைக் கேட்டால், தெரியாது என்கிறேன். அதைச் சொல்லப் பழக எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. காரியதரிசி என்னோடு பேசுவதில்லை. அவர்மேல் என் கோபமும் இன்னும் தீரவில்லை. அதற்காக நீங்களும் ஜெபம்பண்ணுங்கள்.

பிரியமானவர்களே, உங்கள் நெருக்கத்தில் அவரிடம் போங்கள். கேட்கத் தெரியாமல் கேட்டாலும் போங்கள். சாபத்தை ஜெபம் என்று கொண்டுபோன இந்த வாயாடியையே அவர் தள்ளவில்லை. உங்களையா தள்ளப்போகிறார்?