தகட்டின் எட்டாவது வரி

புதுக்கோட்டையில் யாரிடம் வழி கேட்டாலும் "நேராப் போங்க" என்றுதான் சொல்வார்கள். ஊரின் நடுவில் தெருக்கள் அப்படி. சமஸ்தானக் காலத்தில் கயிறு பிடித்துப் போட்ட வீதிகள். தனக்கென்று தனியாகக் காசு அடித்துக்கொண்ட ஊர் என்ற பெருமை இங்கே இன்னும் இறங்கவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் சிக்கினால் போதும், டீ ஆறுவதற்குள் ராஜா கதையை ஆரம்பித்துவிடுவார்கள். தெரு நேராகத்தான் இருக்கிறது. தெருவில் இருக்கிறவர்களின் புத்தியைப் பற்றித்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்த வீதிகளை ஒட்டிய கடைத்தெருவில் நான் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். வைத்திருக்கிறேன் என்பதை அழுத்தியே சொல்கிறேன். மாமனார் ஆரம்பித்த கடை. அவருக்குப் பின் என் கணவர். சர்க்கரை வியாதியில் அவருக்குக் கண் மங்கியதும் நான் கல்லாவில் உட்கார்ந்தேன். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. கடை உரிமம் என் பெயரில், வாடகைச் சீட்டு என் பெயரில், கரண்ட் பில் என் பெயரில்.

இந்த ஊர் வியாபாரத்தை என் கடையில் உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வீடியோ காலில் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் குக்கர் எடுப்பார்கள். அன்னவாசல்காரர்கள் குடத்தை விரலால் சுண்டி, சத்தம் கேட்டு வாங்குவார்கள். இலுப்பூரிலிருந்து ஒரு சருவச்சட்டி வாங்க நாலு பேர் பஸ் ஏறி வருவார்கள். நாலு பேருக்கும் நாலு அபிப்பிராயம். வெள்ளிக்கிழமை சந்தைக்குக் காய்க்கூடை சுமந்து வருகிற பெண்கள் சந்தை முடிந்ததும் நேராக என்னிடம்தான் வருவார்கள். எல்லாருக்கும் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவதும் நானே.

எவர்சில்வரில் விழுந்த எழுத்தை அழிக்க முடியாது. அதனால் மாமனார் காலத்திலிருந்து எங்கள் கடையில் ஒரு வழக்கம். சீட்டில் எழுதியிருப்பதை இரண்டு தடவை சத்தமாகப் படிப்போம். வாங்குகிறவர் இரண்டு தடவையும் வாய் திறந்து "ஆமா" சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. ஒரே ஒரு முறை அவசரத்தில் படிக்காமல் வெட்டி, மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மாப்பிள்ளையின் மாமனார் பெயர் விழுந்துவிட்டது. அந்த அண்டா இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் இருக்கிறது.

போன வருடம் எங்கள் தெரு வியாபாரிகள் கூடி, தெரு முனையில் ஒரு பித்தளைத் தகடு வைக்க முடிவு செய்தார்கள். மேலே தெருவின் வரலாறு, கீழே பழைய கடைகள், அவற்றின் உரிமையாளர்கள். ஜவுளிக்கடைக்காரர்தான் முன்னின்று செய்தார். தகட்டையும் எழுதிய தாளையும் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்தார்.

"நீங்கதான்க்கா வெட்டித் தரணும். நம்ம தெரு வேலை, கூலியெல்லாம் கேக்க மாட்டீங்கன்னு சொல்லிட்டேன்."

கூலி கிடக்கட்டும். தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே மன்னர் வீதி அமைத்தார், வணிகப் பெருமக்கள் வளர்த்தார்கள் என்று ஒரே முழக்கம். கூடை சுமந்து இந்தத் தெருவில் விற்று, இந்தத் தெருவிலேயே வாங்கிப் போன பெண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. சரி, அது எப்போதும் உள்ளதுதான் என்று கீழே வந்தேன். எட்டாவது வரியில் என் கடை. உரிமையாளர் என்று என் கொழுந்தனார் பெயர்!

கொழுந்தனார் சிங்கப்பூரில் இருக்கிறார். என் கணவரின் சாவுக்கு வந்தவர், அதன் பிறகு கடைப்படி ஏறியதில்லை. ஆனால் போன் மட்டும் வரும். "கடையைக் குடுத்துட்டு நிம்மதியா வீட்ல இருங்க மதினி, செல்போன் கடைக்குக் கேக்குறாங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். இன்றைக்குத் தகட்டில் அவர் பெயர் ஏறினால், நாளைக்கு ஊரே சொல்கிறது பார் என்று என் கல்லாவுக்கு எதிரே வந்து நிற்பார். எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"இது யாரு கொடுத்த பேரு?" என்றேன்.

"வீட்டு ஆம்பளை பேரப் போடுறதுதானேக்கா மொறை. அவரும் சிங்கப்பூர்லேருந்து நன்கொடை அனுப்பிருக்காரு. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

மனசில் வைத்துக்கொள்ளக் கூடாதாம்! என் கடையை என் கையாலேயே இன்னொருவருக்கு வெட்டிக் கொடுக்க வேண்டும், அதுவும் இனாமாக. என்ன கொழுப்பு!

நான் சண்டை போடவில்லை. அன்னவாசலிலிருந்து ஒரு பெண் குடம் வாங்க வந்திருந்தாள். அவள் எதிரிலேயே தாளை விரித்து, வழக்கப்படி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஜவுளிக்கடைக்காரர் "ஆமா, ஆமா" என்றார். எட்டாவது வரியில் நிறுத்தினேன்.

"இவரு இந்தக் கடையில ஒக்காந்து யாவாரம் பண்ணி நீங்க பாத்திருக்கீங்களா? வாயால சொல்லுங்க."

அவர் தோள் துண்டை எடுத்துத் தகட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

குடத்தைச் சுண்டிக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். "ஏங்க, இது இவுக கடைதானே? என் கல்யாணத்துக்கு இவுகதான் பேரு வெட்டுனாக. இப்ப எம் பொண்ணுக்கும் இவுககிட்டதான் வந்திருக்கேன். இதுல என்ன ரோசன?"

நான் அந்தப் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். எழுதியதைப் படித்தேன். "ஆமாவா, இல்லையா?"

"அக்கா, மத்தவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"அவங்களும் தெனமும் இந்தக் கல்லாவுல என்னத்தானே பாக்குறாங்க? ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

"ரெண்டாவது தடவ."

"ஆமாங்க்கா, ஆமா! வெட்டுங்க."

மெஷினைப் போட்டேன். இருபத்தைந்து வருடமாக ஊரார் பெயரை எல்லாம் வெட்டியவள், என் பெயரை அன்றைக்குத்தான் முதல் தடவை வெட்டினேன். முதல் எழுத்தை வேண்டியதைவிட ஆழமாகவே அழுத்தினேன். கோபம்தான், வேறொன்றும் இல்லை.

தகட்டைத் திறந்த அன்றைக்குச் சாயங்காலமே சிங்கப்பூரிலிருந்து போன்.

"மதினி, பலகையில எம் பேரு இல்லையாமே?"

"இல்ல தம்பி. ஆனா ஒங்க கல்யாணத்துக்கு ஒங்க அண்ணன் தன் கையால பேரு வெட்டுன குடம் இங்க கடைப் பரண்ல கெடக்கு, ஒங்க பேரு அதுல முத்து முத்தா இருக்கு. ஊருக்கு வந்தா எடுத்துக்கிட்டுப் போங்க. காலைல ஒம்பது மணிக்குக் கடையத் தொறந்துருவேன்."