சம்லி அக்காவின் வெறும் மரம்

எங்கள் கோக் சாலேத் வட்டாரத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாரும் அதிகாரியிடம் கேட்டுவிடாதீர்கள், அவருக்குக் கோபம் வரும். மழை பெய்தால் மட்டும் விழுகிற அருவி ஒன்று உண்டு. மழை பெய்தால் அதற்குப் போகிற பாதை மூழ்கிவிடும். குளக்கரையில் சிமெண்டால் கட்டிய ராட்சதக் கெளுத்தி மீன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதைக் கட்டவைத்த பழைய அதிகாரியின் முகச்சாடை மீனுக்கு அப்படியே வந்திருக்கிறது. இதையெல்லாம் மிஞ்சி ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவள் சம்லி அக்காதான். பாவம், அவள் வேண்டுமென்று செய்யவில்லை.

வயசுக் காலத்தையெல்லாம் பாங்காக்கில் ஒரு தையல் ஆலைக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவள் அவள். நெடுஞ்சாலையோரப் புளியமரத்தடியில் உரலைப் போட்டுப் பப்பாளிக்காயை மிளகாய் போட்டு இடித்து விற்றாள். மாசக்கணக்கில் உப்பில் ஊறின மீனை அள்ளி அதில் போட்டால் வாடை புத்தர் கோயில் வரைக்கும் போகும். வாடையைப் பிடித்துக்கொண்டே கூட்டம் வரும். புருஷன் தியாங் தங்கமான மனிதர், படுத்திருக்கும்வரை. எதிரே மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் நான் மதியச் சாப்பாட்டுக்கு வேறெங்கும் போனதில்லை. அந்த நிழல் ஒன்றுதான் அவள் சம்பாதித்த சொத்து.

சாலையை அகலப்படுத்தப் போவதாகச் சொல்லி மரத்தில் வெள்ளைப் பெயிண்டால் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அன்று எனக்குச் சோறு வைத்தபடியே அக்கா கேட்டாள்: "டேய், அம்மன் மாதிரி ஒருத்தி கனவுல வந்தா என்ன நிறத்துல உடுத்தியிருப்பா? நீலமா, பச்சையா?"

"பச்சைக்கா," என்றேன். வாயில் சோறு இருந்தது, யோசிக்கவில்லை.

காலையில் ரம்பத்தோடு வந்த ஆள் மரத்தைப் பார்த்துத் திகைத்து நின்றான். அடிமரத்தைச் சுற்றிக் கலர் கலராகத் துணி. கீழே ஊதுபத்தி புகைந்தது.

"என்னக்கா இது?"

"ராத்திரி கனவுல ஒரு அம்மா வந்தா, தம்பி. பச்சைப் பட்டு, இடுப்பு வரைக்கும் கூந்தல். 'என் வீட்டுல யாருடி குறி போட்டது'ன்னு கேட்டா. உன் பேரு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

அவன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். மந்திரி சொன்னாலும் வளையாத சாலை புளியமரத்தைச் சுற்றி வளைந்துகொண்டு போனது.

வளைந்த சாலையைப் பார்த்ததும் அதிகாரிக்கு உயிர் வந்தது. பலகை நட்டார், வண்டி நிறுத்த இடம் ஒதுக்கினார். சனங்கள் வேண்டிக்கொண்டு, எங்கள் பக்கத்து வழக்கப்படி சாமிக்குப் படைக்கச் சிவப்பு சோடாவும் பட்டுப் பாவாடையும் வரிக்குதிரைப் பொம்மையும் கொண்டுவந்து குவித்தார்கள். தியாங்கூட எழுந்து உட்கார்ந்து ஊதுபத்தி விற்க ஆரம்பித்தார். அவர் வேலை செய்ததுதான் மரத்தம்மாவின் முதல் அற்புதம் என்பேன்.

ஒருநாள் அதிகாரி பரிவாரத்தோடு வந்தார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. புனிதமான எடம். மீன் வாடை மரத்தம்மாவுக்கு ஆகாது. கடையை எடுத்துடுங்க."

"ஆகாதுன்னு யாரு சொன்னா?"

"அவங்களேதான். என் சம்சாரம் கனவுல வந்து சொன்னாங்க."

"அது பொய்!"

"நீங்க கண்டா கனவு, என் வீட்டம்மா கண்டா பொய்யா?"

அக்கா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்: "மரத்துல ஒருத்தியும் இல்ல! கடையைக் காப்பாத்த நான்தான் கதை கட்டினேன்!"

"வாயைக் கழுவுக்கா!" என்று ஒருத்தி பாய்ந்தாள். "இங்க வேண்டிக்கிட்டுத்தான் என் பையனுக்கு வேலை கெடச்சுது."

தியாங் மரத்தடியில் மண்டியிட்டார். "மன்னிச்சுடு தாயே. அவளுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கெளுத்தி மீனுக்குள்ளேயே அவரைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

அக்கா உரலைத் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டினாள். என் பட்டறைக்குப் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் கடை போட்டாள். இதையும் யாரும் சாமியாக்கிவிடக் கூடாதென்று ஒரு அட்டையில் கரியால் கொட்டை எழுத்தில் எழுதி மரத்தில் தொங்கவிட்டாள்: 'இது வெறும் மரம்.'

பேருந்தில் வந்தவர்கள் அட்டையைப் படித்தார்கள். படித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "ஒளிஞ்சிருக்கிற சாமி போல. ரொம்பச் சக்தி இருக்கும்."

மறுநாள் காலை நான் பட்டறைக் கதவைத் தூக்கியபோது அக்கா மரத்தடியில் குந்தியிருந்தாள். வேரருகே உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு சோடா பாட்டில் ஒன்று இருந்தது.

"இந்த நிழலும் போச்சுடா," என்றாள்.

பாட்டிலை எடுத்து முழுவதையும் குடித்தாள். வாயைத் துடைத்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எதிரே இருந்த புளியமரத்தை நோக்கிக் கைகூப்பினாள்.

"தாயே, நீ நெசமாவே இருந்தா, தயவுசெஞ்சு இந்தப் பக்கம் மட்டும் வந்துடாத."