ஓரிடத்தில் நில்லாத விரல்கள்

கண்ணாடிக் கடைக்காரரின் வலது கை வாடிக்கையாளரின் மூக்கில் ஃபிரேமைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கும். இடது கை மேசை விளிம்பில் ஊர்ந்துகொண்டிருக்கும். எதிரே இருப்பவர் தம் பார்வையில்தான் ஏதோ கோளாறு என்று மிரண்டுபோவார். "பயப்படாதீங்க சார், அது சும்மா இருக்காது" என்று கல்லாவிலிருந்து அவர் மனைவி சமாதானம் சொல்வார்.

ஞாயிறு மதியங்களில், நடன அரங்கின் ஸ்விங் இசைக் குழுவில் அவர்தான் கிதார். கைதட்டலெல்லாம் ட்ரம்பெட்டுக்கு. ஆடுகிறவர்களின் கால் தடுமாறாதபடி பின்னால் உட்கார்ந்து, பல கம்பிகளை ஒன்றாக மீட்டிக் கார்டு அடிப்பது இவர் பாடு. அதில் அவருக்கு மனக்குறை கிடையாது. ஒரே கார்டைத் தாளத்தின் நாலு தட்டுக்கும் அடிப்பதுதான் பிடிக்காது. "பாட்டே நடக்குது, நான் மட்டும் எதுக்கு நிக்கணும்?" என்பார். தட்டுக்குத் தட்டு விரல்களைக் கிதார் கழுத்தின் பக்கத்துக் கட்டங்களுக்கு நகர்த்தி, அடுத்த கார்டு வருவதற்குள் சரியாக வந்து சேர்ந்துவிடுவார்.

போன வாரம் ஆசை மிஞ்சிப்போய், ஆறு கம்பிகளிலும் சேர்த்து விரல்களை நகர்த்தினார். குழுத் தலைவர் இவருடைய மனைவியின் தம்பிதான்; டபுள்பாஸ் என்ற ஆளுயர வாத்தியம் வாசிப்பவர். அவருடைய கனத்த ஸ்வரங்களோடு இவருடைய தடித்த கம்பிகள் மோதி, எல்லாம் கொழகொழவென்றானது. ஆடிய ஜோடி ஒன்று, யார் காலை யார் மிதித்தது என்று நடுவில் நின்று சண்டை பிடித்தது.

"நான் ஒரு பக்கம் போறேன், நீங்க ஒரு பக்கம் போறீங்க. ஆடுறவங்க எங்க போவாங்க அத்தான்? இன்னொரு வாட்டி இப்படிப் பண்ணா வேற ஆளப் பாத்துக்குவேன். அக்கா கோவிச்சுக்கிட்டாலும் சரி" என்றார் மச்சான்.

வாரம் முழுக்க அவருக்கு அதே கவலை. அந்த நாற்காலி போனால் ஞாயிற்றுக்கிழமையே போனமாதிரி. "பேசாம எல்லாரையும் மாதிரி அடிச்சிட்டு வாங்களேன்" என்றார் மனைவி. அவரும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

இந்த ஞாயிறு, இரண்டாவது பாட்டிலேயே விரல்கள் கிளம்பிவிட்டன. ஆனால் தடித்த கம்பிகளை ஊமையாக்கிவிட்டு, நடுவிலுள்ள மூன்றில் மட்டும் விரல்களை நகர்த்தினார். மச்சானின் வழியில் குறுக்கே போகாமல், மேல் ஸ்வரங்களில் தனியாக ஒரு சின்ன நடை. மச்சான் திரும்பிப் பார்த்தார். இவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்; கையோ நிற்கிற மாதிரி இல்லை. அரங்கில் ஆடுகிறவர்கள் தடுமாறாமல் வழுக்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு தட்டைக்கூடத் தவறவிடாத மச்சான், அன்று ஒரு தட்டை விட்டார். டபுள்பாஸிலிருந்து வலது கையை எடுத்து, "கொஞ்சம் அடக்கி ஊது, அத்தான் வாசிக்கிறாரு" என்று ட்ரம்பெட்காரரின் தோளை அழுத்தினார்.