வடக்கு அழிந்த கற்கள்

பிரதோஷ அபிஷேகம் முடிந்து திருநீறு வாங்கும்போது செல்போன் அடித்தது. பவானி போய்விட்டாள் என்று அவள் தம்பி சொன்னான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீடு. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்தினாள். தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். அவளோடு வேலை பார்த்த நீங்கள் அவளுக்கு நினைவு மலர் போடுகிறீர்கள், என்னையும் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். உங்களுக்குப் பிடிக்காது.

பூமிக்கு அடியில், வெகு ஆழத்தில், சூட்டில் பாறை உடையாமல் இழுபட்டு ஓடும் என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. அப்போது சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஒரு பட்டாணியை மஞ்சள் கலந்த மாவில் பொதிந்து, வெள்ளை மாவுக்குள் வைத்து, உள்ளங்கையால் ஒரே பக்கமாக அழுத்தித் தள்ளச் சொன்னாள். அறுத்துப் பார்த்தால் மஞ்சள் இரண்டு பக்கமும் வால்விட்டிருந்தது.

"கல்லுக்குள்ளயும் இப்பிடித்தான்டி. வாலைப் பாத்தா எந்தப் பக்கம் தள்ளுச்சுன்னு சொல்லிடலாம்."

அதன்பிறகு அவள் புத்தகங்களை வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தேன்.

ஆத்தூர்ப் பக்கத்தில் ஒரு குன்று. அந்தப் பாறை வலப்பக்கம் நகர்ந்ததா, இடப்பக்கமா என்பதுதான் அவள் டாக்டர் பட்ட ஆராய்ச்சி. எல்லோரும் இடம் என்றார்கள், அவள் வலம் என்றாள். கல்லை உடைக்கும் முன்பே திசைகாட்டி வைத்து, வடக்கே ஓர் அம்பும் மேல்பக்கத்துக்கு ஓர் அடையாளமும் மையால் போடுவாள். "பேரு வைக்காத புள்ளையக்கூட வீட்டுக்குத் தூக்கிட்டு வரலாம். வடக்கு போடாத கல்லைத் தூக்கிட்டு வரக்கூடாது" என்பாள்.

சிக்குன்குனியாவில் அவள் படுத்திருந்த வருஷம் துறையில் ஆயுத பூஜை கொண்டாடினீர்கள். அலமாரியில் அவள் சேர்த்து வைத்திருந்த ஆத்தூர்க் கற்களையெல்லாம் இறக்கி, சோப்புத்தூள் போட்டுக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்தீர்கள். அவளுக்குப் பொரிகடலையும் கொடுத்தனுப்பினீர்கள்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, கைப்பையைத் தூக்க முடியாதே என்று நானும் கூடப் போயிருந்தேன். உங்கள் துறைத்தலைவர் பெருமையாகச் சொன்னார்: "ஒரே அழுக்கும்மா. பேனாக் கிறுக்கல் வேற, லேசுல போவல. தேய்ச்சு எடுத்துட்டோம்ல."

அவள் கத்தவில்லை. "சந்தனம் நல்ல வாசனை சார்" என்றாள்.

கால்வீக்கத்தோடு, புதிதாகக் கல் எடுக்க மறுபடி ஆத்தூர் போனாள். குன்றை வெட்டி ஜல்லியாக்கியிருந்தார்கள். வலம் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள், காட்ட முடியவில்லை. பட்டம் இல்லாமலேதான் போய்ச் சேர்ந்தாள்.

இரங்கல் கூட்டத்தில் அவளைப் பாறைபோல் அசையாதவள் என்று புகழ்ந்தீர்கள். பாறையைப் பற்றி அவள் ஆயுள் முழுக்கச் சொன்னது உங்கள் காதில் ஏறவே இல்லை.

அந்தக் கற்களில் ஒன்றை அவள் தம்பி எனக்குக் கொடுத்தான். சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். நடுவில் கண்போல ஒரு வெள்ளை மணி, இரண்டு பக்கமும் வால். இந்த முகத்தில் பார்த்தால் வலம் என்கிறது. புரட்டி அந்த முகத்தில் பார்த்தால் இடம் என்கிறது. எது மேலே இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. நான் ஒருநாள் தவறாமல் சாமி கும்பிடுகிறவள். அந்தக் கல்லில் காய்ந்துபோயிருந்த குங்குமத்தை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன்.