ஓடும் சர்வருக்குள் ஒரு வழி

செம்பரம்பாக்கத்தில் தாட்சாயிணியின் குடும்ப நிலம் கிடங்காக மாறிப் பல வருடமாகிறது. அப்படிப்பட்ட கிடங்குகளின் சரக்கையும் லாரிகளையும் கவனிக்கும் மென்பொருளில்தான் அவளுக்கு வேலை, அலுவலகம் அம்பத்தூரில்.

அந்த மென்பொருள் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. பெரியது, பழையது. எந்த லாரியை எப்போது விடலாம் என்பது போன்ற ஒரு விதியை மாற்றினாலும் வாரக்கணக்கில் பரிசோதனை, ஒப்புதல், பிறகு சர்வரை நிறுத்தி ஏற்றுதல். தாட்சாயிணி அதற்குள்ளேயே பைத்தான் என்ற இன்னொரு மொழி ஓட வழி செய்தாள். விதிகளைப் பைத்தானில் எழுதி, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். மேலாளர் ராகவன் அதைச் சொல்லியே புது வாடிக்கையாளர்களைப் பிடித்தார்.

ஆனால் பைத்தானில் பிழை இருந்தால் அந்த வரி ஓடும்போதுதான் தெரியும். அதனால் பரிசோதனை சர்வரில் ஓட்டிப் பார்க்காமல் அவள் எதையும் ஏற்றியதில்லை. அவளோடு வேலை செய்யும், மாங்காட்டில் குடியிருக்கும் சேலத்துக்காரி மைதிலிக்கும் அதை அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தாள். இருவரும் ஒன்றாகவே சாப்பிடுவார்கள்.

விதிகளை ஏற்றும் அனுமதி தாட்சாயிணிக்கு மட்டும்தான். இன்னொருவருக்கு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எனவே அண்ணன் கல்யாணத்துக்கு லீவு போட்டபோது, அந்த அலுவலகத்தில் எல்லோரும் செய்வதுபோல, தன் பாஸ்வேர்டை மைதிலியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மைதிலி ஒரு விதியை ஓட்டிப் பார்க்காமலே ஏற்றினாள். லாரிகளை உள்ளே வெளியே விடும் கேட் பாஸ் வராமல் பூந்தமல்லி சாலை வரை லாரிகள் நின்றன. ஏற்றியவர் பெயர் தாட்சாயிணி என்றே பதிவாகியிருந்தது.

“நான் லீவுல இருந்தேன் சார்” என்றாள் தாட்சாயிணி, திரும்பி வந்ததும் ராகவன் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தபோது.

“அப்ப உன் பாஸ்வேர்டு யார் கையில இருந்துச்சு?” என்றார் ராகவன். “சொல்லும்மா. பாஸ்வேர்டக் கைமாத்துனா அதுக்கே வேலை போயிடும், தெரியும்ல?”

தாட்சாயிணி மைதிலியைப் பார்த்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள்.

“ஸ்கிரிப்ட் எல்லாம் அவதான் சார் பாக்கறா” என்றாள் மைதிலி. “எனக்கு ஜாவா மட்டும்தான் தெரியும்.”

தாட்சாயிணியே வீட்டிலிருந்து ஏற்றியதாக முடிவு கட்டினார்கள். பைத்தானை அடியோடு எடுத்துவிட முடிவானது. எல்லா விதிகளையும் ஜாவாவில் திருப்பி எழுதும் பொறுப்பு மைதிலிக்கு. விதிகளை விளக்கிச் சொல்வது தாட்சாயிணியின் வேலை.

மறுநாள் மைதிலி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கோவமா டீ? எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல. பயத்துல வாய் அப்படி வந்துடுச்சு.”

“எனுக்கு மட்டும் பயம் இல்லியா? நான் உன் பேர சொன்னேனா?”

மைதிலி திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். “இது எதுக்குன்னு மறந்துட்டேன் டீ.”

அந்த வரியை இருவரும் சேர்ந்துதான் எழுதியிருந்தார்கள். தாட்சாயிணி தன் நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டாள்.

“உங்களுக்குப் பைத்தான் தெரியாதில்ல” என்றாள், பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி. “மொதல்லருந்தே சொல்றேங்க. எழுதிக்கோங்க.”